சங்க அலுவலகத்துக்கு வைஃபை: பெட்டி வாங்குமுன் பேச வேண்டியவை

(அலுவலகத்துக்கும் கூடத்துக்கும் வைஃபை அமைக்கும் தீர்மானம் ஓட்டுக்கு விடப்படுமுன், நம் சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



இன்றைய அஜெண்டாவில் ஏழாவதாக ஒரு வரி இருக்கிறது: "அலுவலகத்துக்கும் கூடத்துக்கும் வைஃபை வசதி." அதைப் பற்றிப் பேசத் தலைவர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் இல்லை. வங்கியில் கவுண்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன், படித்தது பி.காம். ஆனால் இந்த வேலைக்காக வந்த மூன்று கொட்டேஷன்களையும் வரி வரியாகப் படித்தேன். கொடுத்தவர்கள் மூவரிடமும் உட்கார்ந்து கேள்வி கேட்டேன். அதில் தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் இது ஏன் வேண்டும் என்பது. "வீட்டுக்கு வீடு இணையம் இருக்கிறதே, சங்கப் பணத்தில் எதற்கு?" என்று சென்ற கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில், நவம்பர் மாதம். நம் குடியிருப்பில் ஓய்வூதியம் வாங்குபவர்கள் நிறைய. நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்த பிறகு கருவியில் விரலை வைத்துச் சான்று கொடுக்க முடிந்தது. வயதான விரல்களில் ரேகை தேய்ந்துபோவதால் அதுவும் பலருக்குத் தகராறு செய்தது. 2021 நவம்பரில் முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கும் வசதி வந்ததும், ஒரு ஆண்ட்ராய்டு செல்போன் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. நம் பிள்ளைகள் சிலர் சேர்ந்து கூடத்தில் முகாம் நடத்தி எல்லோருக்கும் செய்து கொடுக்கிறார்கள். ஆனால் கூடத்துக்குள் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறுவதில்லை. சென்ற ஆண்டு வாசல்படிக்கு வெளியே நாற்காலி போட்டு, எண்பதைத் தாண்டியவர்களையும் வெயிலில் உட்கார வைத்தோம். ஒரு அம்மாவுக்கு நான்கு முறை முயன்று, ஐந்தாவது முறைதான் ஆயிற்று. அவருக்கு அந்த ஓய்வூதியம் ஒன்றுதான் வருமானம்.

தேவை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எப்படிச் செய்வது என்பதில்தான் பேச வேண்டியிருக்கிறது.

"ஒரு ரூட்டர் வாங்கிச் செருகினால் முடிந்தது, இதற்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கலாம். அப்படிச் செருகிப் பார்த்தாயிற்று. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நல்ல மனிதர், வீட்டில் சும்மா கிடந்த ரூட்டரைக் கொண்டுவந்து அலுவலகக் கேபிளில் மாட்டிவிட்டுப் போனார். ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது. மாலையில் பராமரிப்புக் கட்டண ரசீது போட முடியவில்லை. பிரிண்டர் தெரியவில்லை. ஒரு கம்ப்யூட்டரில் இணையம் வருகிறது, பக்கத்துக் கம்ப்யூட்டரில் வரவில்லை. காரணம் மிகச் சின்னது, தெரிந்துகொள்ள வேண்டியதும்கூட.

அலுவலகத்தில் இப்போது இருப்பது என்ன? ஃபைபர் கம்பெனி கொடுத்த வெள்ளைப் பெட்டி ஒன்று. அதிலிருந்து ஒரு கேபிள் எட்டுத் துளை உள்ள ஸ்விட்சுக்குப் போகிறது. ஸ்விட்சிலிருந்து இரண்டு கம்ப்யூட்டர், பிரிண்டர், சிசிடிவி பதிவுப் பெட்டி, செக்யூரிட்டி ஆட்களின் வருகைப் பதிவுக் கருவி. இவை தவிர, புரொஜெக்டருக்காகக் கூடத்துக்கு இழுத்த கேபிள் ஒன்று. இந்தக் கூடத்துக் கேபிளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இந்தக் கருவிகள் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் வேண்டும். பழைய வங்கியில் பித்தளை டோக்கன் கொடுப்போமே, அது மாதிரி. வெள்ளைப் பெட்டிதான் டோக்கன் கொடுக்கும் குமாஸ்தா. கம்ப்யூட்டரைப் போட்டதும் அது "எனக்கு ஒரு எண் கொடு" என்று கேட்கும், பெட்டி கொடுக்கும், கூடவே "வெளியே போக வேண்டுமானால் இந்த வாசல் வழியாகப் போ" என்றும் சொல்லும். நம் நண்பர் கொண்டுவந்த ரூட்டரும் அதே வேலைக்காகத் தயாரிக்கப்பட்டதுதான். ஆக ஒரே கவுண்ட்டருக்கு இரண்டு பேர் டோக்கன் கொடுக்க உட்கார்ந்துவிட்டார்கள். யார் முந்திக் கொடுக்கிறார்களோ அந்த எண். புது ரூட்டரிடம் டோக்கன் வாங்கிய கம்ப்யூட்டர், அது காட்டிய வாசலுக்குப் போய் நின்றது. அந்த வாசலுக்குப் பின்னால் இணையம் இல்லை, ஏனென்றால் கேபிள் மாட்டிய துளை வேறு. போதாக்குறைக்கு இரண்டு பெட்டிக்கும் 192.168.1.1 என்ற ஒரே விலாசம். ரூட்டரைக் கழற்றியதும் எல்லாம் சரியாயிற்று.

இதைத் தவிர்ப்பது எளிது. ரூட்டரில் டோக்கன் கொடுக்கும் வேலையை, டிஎச்சிபி என்பார்கள், அதை நிறுத்திவிட்டு, விலாசத்தையும் மாற்றிவிட்டு, மற்றத் துளைகளிலிருந்து தனியாக, பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும் வேன் துளையை விட்டுவிட்டு, சாதாரணத் துளையில் கேபிளை மாட்ட வேண்டும். அப்போது அது கேபிளை ரேடியோவாக மாற்றும் வேலையை மட்டும் செய்யும். அந்த வேலைக்கென்றே விற்கிற பெட்டிக்கு ஆக்சஸ் பாயிண்ட் என்று பெயர். கொட்டேஷன் இரண்டில் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள். கூடத்துக் கேபிளின் முனையில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட், விலையும் குறைவு, அரை நாள் வேலை. நவம்பர் முகாமும் நடந்துவிடும்.

அப்படியானால் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்றால், நான் வேண்டாம் என்கிறேன்.

கம்பி வலையாக இருக்கும்வரை நம் அலுவலகத்துக்குப் பூட்டு என்பது அலுவலகக் கதவுதான். உள்ளே வந்து ஒரு கேபிளை எடுத்துத் தன் லேப்டாப்பில் செருகினால்தான் ஒருவர் வலைக்குள் நுழைய முடியும். வைஃபை வைத்த நிமிடத்திலிருந்து கதவு சுவரைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. கூடத்தில் கல்யாண நிச்சயத்துக்கு வந்தவர், கேட்டரிங் பையன், காம்பவுண்டுக்கு வெளியே கார் நிறுத்தியிருப்பவர், பாஸ்வேர்ட் கிடைத்த எல்லோரும் நம் ஸ்விட்சில் கேபிள் செருகியவர்களுக்குச் சமம்.

அந்த ஸ்விட்சில் என்ன இருக்கிறது? கம்ப்யூட்டரில் நம் எல்லோர் பெயர், ஃபிளாட் எண், செல்போன் எண், வாடகைக்கு வந்தவர்களின் ஆதார் நகல், யார் எத்தனை மாதம் பாக்கி என்ற கணக்கு. சிசிடிவி பெட்டியில், யார் வீட்டுக்கு யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், எந்த ஃபிளாட் பூட்டிக் கிடக்கிறது, எந்தப் பாட்டி தனியாக வாக்கிங் போகிறார் என்பதெல்லாம் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றியது. சட்டம் இல்லாவிட்டாலும் இது நம்மை நம்பி மற்றவர்கள் கொடுத்து வைத்திருக்கும் சொத்து.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் டிஜேஎக்ஸ் என்று ஒரு பெரிய துணிக்கடை நிறுவனம். அவர்கள் கடையின் கம்பி வலையோடு வைஃபை சேர்த்திருந்தார்கள். அதற்கு வெப் என்ற பழைய பூட்டு. அது உடைக்கக்கூடியது என்று 2001-லேயே ஆராய்ச்சியாளர்கள் எழுதிவிட்டார்கள். 2005-இல் சிலர் கடைக்கு வெளியிலிருந்தே அந்த வைஃபை வழியாக உள்ளே புகுந்து, அங்கிருந்து தலைமை அலுவலகக் கம்ப்யூட்டர் வரை போய்விட்டார்கள். 2007-இல் விஷயம் வெளியே வந்தபோது, 4.5 கோடிக்கும் மேற்பட்ட கார்டு எண்கள் போயிருந்தன. கடைக் கதவு பூட்டித்தான் இருந்தது.

சிசிடிவி பெட்டிகள் பற்றியும் ஒன்று. 2016-இல் மிராய் என்ற ஒரு வைரஸ், தயாரித்தவர் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்கள், பதிவுப் பெட்டிகள், ரூட்டர்கள் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டது. அந்த அக்டோபரில் அவற்றை ஏவி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்களை மணிக்கணக்கில் முடக்கினார்கள். அந்தப் பெட்டிகளின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் பெட்டி என்ன செய்கிறது என்றே தெரியாது.

நம் நாட்டிலும் உண்டு. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடம் முன்பு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது நவி மும்பையில் குடியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரரின் வைஃபை இணைப்பிலிருந்து போயிருந்தது. போலீஸ் அவர் வீட்டுக்குத்தான் போயிற்று. வேறு யாரோ அவருடைய இணைப்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெளிவாயிற்று. அதையொட்டி 2009-இல் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பூட்டாமல் விடக்கூடாது என்று வழிமுறை வெளியிட்டது. நம் இணைப்பு சங்கத்தின் பெயரில் இருக்கிறது. ஏதாவது நடந்தால் கதவு தட்டப்படுவது செயலாளர் வீட்டில்.

இதற்கு வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. ஆனால் ஒரு இடத்தில் மூன்று கொட்டேஷனில் ஒன்று தலைகீழாகப் போட்டிருக்கிறது. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

கொட்டேஷன் ஒன்றில், கூடத்தில் ஒரு தனி ரூட்டர், அலுவலக ஸ்விட்சிலிருந்து அதன் வேன் துளைக்குக் கேபிள், "விருந்தினர் வலை தனி, அலுவலக வலை தனி, பாதுகாப்பானது" என்று எழுதியிருக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ரூட்டர் எந்தப் பக்கத்தைக் காப்பாற்றும்? தனக்கு உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவரிடமிருந்து காப்பாற்றும். உள்ளே இருப்பவர் வெளியே போவதைத் தடுக்காது, அதுதானே அதன் வேலை. இந்த அமைப்பில் ரூட்டருக்கு உள்ளே இருப்பது கூடத்து விருந்தினர், வெளியே இருப்பது நம் அலுவலகம். விருந்தினர் இணையத்துக்குப் போகும் வழியிலேயே நம் சிசிடிவி பெட்டியின் கதவைத் தட்டலாம். நாம் விருந்தினர் அறையைத் தட்டத்தான் முடியாது! கேஷியரை வெளியே உட்கார வைத்து வாடிக்கையாளரைக் கூண்டுக்குள் பூட்டிய கதை.

இதைத் திருப்பிப் போட்டால் போதும். வெள்ளைப் பெட்டியிலிருந்து இரண்டு கேபிள். ஒன்று நேராகக் கூடத்துக்கு, அங்கே கூரையில் ஆக்சஸ் பாயிண்ட். இன்னொன்று அலுவலகத்துக்கென்று வாங்கும் ஒரு ரூட்டரின் வேன் துளைக்கு. அந்த ரூட்டருக்குப் பின்னால் இப்போதைய ஸ்விட்ச், கம்ப்யூட்டர், பிரிண்டர், சிசிடிவி, எல்லாம். மேனேஜர் லேப்டாப்புக்கு அந்த ரூட்டரின் வைஃபை, வேறு பெயர், வேறு பாஸ்வேர்ட். கூடத்துக் கேபிள் இப்போது ஸ்விட்சில் செருகியிருக்கிறது என்றேனே, அதைப் பிடுங்கி வெள்ளைப் பெட்டியில் செருகுவதுதான் இந்தத் திட்டத்தின் உயிர். அதற்குக் காசு கிடையாது.

வேலை வேறு இடத்தில் இருக்கிறது. புது ரூட்டருக்கு உள்ளே விலாச வரிசை வேறாக இருக்க வேண்டும், 192.168.10 என்று வைத்துக்கொள்ளலாம். பிரிண்டருக்கும் சிசிடிவி பெட்டிக்கும் வருகைக் கருவிக்கும் முன்பு யாரோ கையால் நிலையான எண் போட்டிருக்கிறார்கள். அந்த மூன்றையும் திறந்து புது எண் போட வேண்டும். இதைச் செய்யாமல் போனால் மறுநாள் காலையில் "பிரிண்டர் வேலை செய்யவில்லை" என்று போன் வரும். வேலைக்கு வருபவரிடம் இதையும் எழுதி வாங்க வேண்டும். செயலாளர் செல்போனில் கேமரா பார்ப்பது நிற்காது. அது கம்பெனிச் செயலி வழியாகப் போகிறது, உள்ளேயிருந்து வெளியே போகும் பேச்சு.

மூன்றாவது கொட்டேஷனில் விலான் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்கி, ஒரே கேபிளில் இரண்டு வலைகளைக் கலக்காமல் அனுப்புவது. உண்மையில் இதுதான் முறையான வழி, பெரிய அலுவலகங்களில் இப்படித்தான் செய்வார்கள். ஆனால் அதைப் புரிந்துகொண்டு பார்த்துக்கொள்ள நம்மிடம் நிரந்தரமாக ஆள் இல்லை. வெளியூர் மாற்றலாகிப் போன ஒரு இளைஞர் தலையில் மட்டும் இருக்கும் ஏற்பாடு நமக்கு ஆகாது. நமக்கு வேண்டியது, எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய அமைப்பு. ஐந்து பிளாக்குக்கும் வைஃபை என்று நாளை வந்தால், அப்போது அதைப் பேசுவோம்.

"வீட்டு ரூட்டரிலேயே கெஸ்ட் நெட்வொர்க் என்று இருக்கிறதே?" என்று நம் இளைஞர் ஒருவர் கேட்டார். இருக்கிறது. அந்தப் பெட்டியே வெள்ளைப் பெட்டி இடத்தில் உட்கார்ந்து எல்லோருக்கும் வாசலாக இருந்தால் அது சரியாக வேலை செய்யும். அதையே ஆக்சஸ் பாயிண்டாக மாற்றிப் போட்டால், பல வீட்டு ரூட்டர்களில் அந்தத் தடுப்பு வேலை செய்வதில்லை, அல்லது அந்த வசதியே மறைந்துவிடுகிறது. பெயரில் மட்டும் கெஸ்ட்.

கூடத்துப் பெட்டி எங்கே வைப்பது? கூரையில், நடுவில். பீரோவுக்குப் பின்னாலோ கான்கிரீட் தூணுக்குப் பக்கத்திலோ வேண்டாம், ரேடியோ அலைக்கு இரும்பும் கான்கிரீட்டும் ஆகாது. கூரையில் பிளக் பாயிண்ட் இல்லையே என்று கவலை வேண்டாம். பிஓஇ வகையாக வாங்கினால் அதே நெட்வொர்க் கேபிளிலேயே 48 வோல்ட் மின்சாரமும் போகும். அலுவலகத்தில் அதற்கு ஒரு சின்ன அடாப்டர். கேபிள் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும், நம்முடையது அதில் பாதிகூட இல்லை. இதில் ஒரு லாபம், வெள்ளைப் பெட்டி, ரூட்டர், இந்த அடாப்டர் மூன்றையும் அலுவலக யுபிஎஸ்ஸில் மாட்டிவிட்டால், கரண்ட் போனாலும் கூடத்தில் வைஃபை நிற்காது.

நாற்பது பேர் ஒரே நேரத்தில் இணைந்தால் வேகம் வருமா என்று கேட்டார்கள். வைஃபை என்பது இந்தக் கூட்டத்து மைக் மாதிரி. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். கம்பியில் ஒவ்வொருவருக்கும் தனி லைன். ஆகவே இடம் மாறாத கம்ப்யூட்டர், பிரிண்டர், சிசிடிவி எதையும் வைஃபைக்கு மாற்றக்கூடாது, அவை கம்பியிலேயே இருக்கட்டும். உயிர்வாழ் சான்றுக்கு ஒரு புகைப்படமும் கொஞ்சம் தகவலும்தான் போகும், நாற்பது பேருக்குத் தாராளமாகப் போதும். நாற்பது பேர் கிரிக்கெட் பார்த்தால் போதாது, அதற்கு நான் பொறுப்பில்லை.

கதிர்வீச்சு பற்றி இரண்டு அம்மாக்கள் கவலைப்பட்டார்கள். இந்தப் பெட்டியின் ரேடியோ சக்தி பொதுவாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். காதில் வைத்துப் பேசும் செல்போன், சிக்னல் குறைவான இடத்தில் அதைவிடக் கூடுதலாக அனுப்பும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-இல் ரேடியோ அலைகளை 'ஒருவேளை இருக்கலாம்' என்ற 2பி பட்டியலில் வைத்தது உண்மைதான். அதே பட்டியலில் கிழக்காசிய முறையில் ஊறவைத்த காய்கறியும் இருக்கிறது. நம் ஆவக்காய் இல்லை, பயப்படாதீர்கள்.

இனி பாஸ்வேர்ட். இந்தச் சங்கத்தின் அனுபவம் எல்லோருக்கும் தெரியும். முன்பு கேமரா போட்ட ஆள், பாக்கித் தகராறில் பாஸ்வேர்டைச் சொல்லாமலே போனார். பெட்டியைப் புதிதாக அமைக்கப் போய் ஒரு வாரப் பதிவு போயிற்று. அந்த வாரத்தில்தான் சி பிளாக்கில் சைக்கிள் காணாமல் போனது. வங்கியில் பெட்டகச் சாவி ஒருவரிடம் இருக்காது, இருவர் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். மாற்றுச் சாவி வேறு கிளையில் முத்திரையோடு இருக்கும். இங்கே அவ்வளவு வேண்டாம். வெள்ளைப் பெட்டி, ரூட்டர், ஆக்சஸ் பாயிண்ட், சிசிடிவி நான்கின் பாஸ்வேர்டையும் தயாரித்தவர் வைத்ததிலிருந்து மாற்றி, ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு, செயலாளரும் பொருளாளரும் ஒட்டிய இடத்தில் கையெழுத்திட்டுப் பீரோவில் வைக்க வேண்டும். நிர்வாகக் குழு மாறும்போது சாவிக்கொத்தோடு அதுவும் கைமாற வேண்டும், பாஸ்வேர்டும் மாற வேண்டும்.

வைஃபைக்கு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பூட்டு. கூடத்துப் பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டக்கூடாது. கேட்பவர் பெயர், ஃபிளாட் எண், தேதி எழுதிக் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளட்டும். கூடத்தை வாடகைக்கு எடுப்பவருக்கு அன்றைக்கு மட்டும் ஒரு பாஸ்வேர்ட், மறுநாள் மாற்றம். ஆக்சஸ் பாயிண்டில் 'கிளையண்ட் ஐசொலேஷன்' என்று ஒரு வசதி உண்டு, அதைப் போட்டுவிட்டால் கூடத்தில் ஒருவர் செல்போனை இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியாது. வெள்ளைப் பெட்டியில் இருக்கும் சொந்த வைஃபையை அணைத்துவிட வேண்டும், அதன் பாஸ்வேர்ட் பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கரில் அச்சடித்தே இருக்கிறது.

ஆக, தீர்மானத்தில் "வைஃபை வசதி" என்ற ஒரு வரியை மாற்றி, அலுவலகத்துக்கு ஒரு ரூட்டர், கூடத்துக்கு பிஓஇ ஆக்சஸ் பாயிண்ட் ஒன்று, கூடத்துக் கேபிளை வெள்ளைப் பெட்டிக்கு மாற்றுவது, நிலையான எண்களைத் திருத்துவது, பாஸ்வேர்ட் கவர் ஒப்படைப்பது என்று வேலையைப் பிரித்து எழுதி, இதே அடிப்படையில் மூவரிடமும் மறு கொட்டேஷன் கேட்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவருகிறேன். பத்து நாள் அவகாசம் போதும். மத்திய அரசு ஓய்வூதியர்களில் 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் 1 முதலே சான்று கொடுக்கலாம், செப்டம்பர் இறுதிக்குள் வேலை முடிந்தால் அவர்களை முதலில் கூப்பிட்டுவிடலாம். கேபிள் படம் வரைந்து கொண்டுவந்திருக்கிறேன், மேசையில் இருக்கிறது. வழிமொழிபவர் யாராவது இருந்தால், தலைவர் ஓட்டுக்கு விடலாம்.